குறுந்தொகையைத் திரையில் தேடி, தாளில் படிக்கும் முறை

குறுந்தொகை இணையத்தில் இரண்டு வடிவில் கிடைக்கிறது. ஒன்று, மதுரைத் திட்டம் போன்ற தன்னார்வலர் முயற்சிகள் தட்டச்சு செய்து வைத்திருக்கும் எழுத்து வடிவம். தேடலாம், நகலெடுக்கலாம், ஆனால் யாரோ ஒருவர் ஏதோ ஒரு பதிப்பைப் பார்த்துத் தட்டியது. மற்றொன்று, தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம் போன்ற இடங்களில் உள்ள பழைய அச்சுப் பக்கங்களின் படிமம். அதில் சொல் தேட முடியாது. ஆனால் பதிப்பாசிரியர் வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். பாட்டைப் பயில அச்சுப் பக்கம், சொல்லைத் துழாவ எழுத்து வடிவம் என்று பிரித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

திரையில் முதலில் கெடுவது அடி. குறுந்தொகைப் பாட்டுகள் 4 முதல் 8 அடி வரை நீள்பவை. 307, 391 ஆகிய இரண்டு மட்டும் 9 அடி. கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் அடி மடிந்து அடுத்த வரிக்குப் போய்விடும். புலவர் முடித்த இடம் எது, திரை முறித்த இடம் எது என்று தெரியாது. பாட்டிலேயே நீளமான அடியைப் பார்த்து, அது மடியாத அளவுக்கு எழுத்தைக் குறையுங்கள். அப்போதும் மடிந்தால் கைப்பேசியைக் கிடையாகத் திருப்புங்கள்.

இதை 40ஆம் பாட்டில் சோதிக்கலாம். உ.வே.சா. பதிப்பில் (1937) உள்ளதுபோல் சீர் (அசைகள் சேர்ந்த ஓசைத் துண்டு) பிரித்தால் இப்படி வரும்:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே

நான்காம் அடியில் மூன்றே சீர். ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, முச்சீராய் வருவது நேரிசை ஆசிரியப்பா என்ற பாவகையின் அடையாளம். திரை மடித்த பாட்டில் இது கண்ணில் படாது. வேறொரு தொல்லையும் உண்டு. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று இணையத்தில் பலர் சொல் பிரித்துப் போடுகிறார்கள். ‘யாராகியரோ’ ஒரே சொல்லாகிவிட, முதல் அடியும் முச்சீர்போல் தெரியும். கடைசி அடி ‘தாம் கலந்தனவே’ ஆகும்போது எண்ணிக்கை நான்காகவே இருக்கும், ஆனால் ஓசை போய்விடும்: ‘தாங்கலந்’ கூவிளம், ‘தனவே’ புளிமா என்ற சீர் வகைகளாய் நின்றது, ‘தாம்’ என்ற ஓரசையும் ‘கலந்தனவே’ என்ற கருவிளங்காயுமாய் உடைகிறது. பொருள் பார்க்கச் சொல் பிரித்த வடிவம் போதும். யாப்புப் பார்க்க ஒருபோதும் ஆகாது.

ஆகவே பாட்டை நகலெடுத்ததும் படிமத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுச் சீர் இடைவெளிகளைத் திருத்துங்கள். பிறகு ஏ4 தாளில் ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு, இரட்டை வரி இடைவெளி, இடப்பக்கம் 5 செ.மீ. ஓரம் விட்டு அச்செடுங்கள். பென்சிலால் அசை பிரித்து, வாய்விட்டு இரண்டு முறை படித்த பிறகே அகராதியைத் தொடலாம். உரையை முதலில் திறந்தால் பாட்டு உரையாசிரியருடையதாகிவிடும். யாய் என் தாய், ஞாய் உன் தாய், நுந்தை உன் தந்தை: இவை சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியின் இணைய வடிவிலேயே கிடைக்கும்.

இணையப் பக்கங்களில் அடிக்கடி உதிர்ந்துபோவது கூற்றுக் குறிப்பு, அதாவது பாட்டை யார், எந்தச் சூழலில் சொல்கிறார் என்ற வரி. 40ஆம் பாட்டு, தலைவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியிடம் அவன் சொல்வது. அந்த ஒரு வரி இல்லாமல் படிப்பவர் யார் வாயில் வேண்டுமானாலும் பாட்டை வைத்துவிடலாம். உ.வே.சா. பதிப்பில் கூற்றோடு பாட பேதம், பதவுரை, முடிபு, கருத்து, விசேடவுரை, மேற்கோளாட்சி, ஒப்புமைப் பகுதி எல்லாம் அடுத்தடுத்து நிற்கும். ஒப்புமைப் பகுதிதான் புதையல். ஒரே உவமை வேறு எந்த நூல்களில் வருகிறது என்பதை அங்கிருந்து எடுத்துத் தாளின் ஓரத்தில் குறியுங்கள். பக்க எண் வேண்டாம், படிமக் கோப்பின் பக்கமும் நூலின் பக்கமும் ஒத்துவராது. பாட்டு எண், அடி எண் போதும்: குறுந். 40:4.

தேடலுக்குத் திரைக்குத் திரும்பும்போது புணர்ச்சியை, அதாவது சொற்கள் சேரும்போது எழுத்து மாறுவதை, மனத்தில் வையுங்கள். ‘பெயல்’ என்று தேடினால் ‘பெயனீர்’ அகப்படாது. லகரமும் நகரமும் சேர்ந்து னகரமாகிவிட்டது. ‘பெய’ என்று மட்டும் தேடி, வேண்டாததைக் கையால் தள்ளுங்கள். ஒரு சொல் இரண்டு சீருக்கிடையில் பிளந்திருக்கலாம் என்பதால் முன்பாதியைத் தனியே தேடுவதும் நல்லது.

எழுத்துருச் சிக்கல் இதைவிடக் கள்ளத்தனமானது. ‘ஔவையார்’ என்பதைப் பலர் ஒகரமும் ளகரமுமாகத் தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. குறுந்தொகையில் ஔவையார் பாட்டு 15. உங்கள் தேடலில் குறைந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. இரு வகையிலும் தட்டித் தேடுங்கள். ‘கொ’ போன்ற எழுத்துகளின் கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டிய கோப்புகளிலும் இதே கதை.

படிமத்தை எழுத்துணரி (OCR) வழியே எழுத்தாக்க முயல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, லை, ளை முதலியவை பழைய வடிவில் இருக்கும், மென்பொருள் அவற்றில் தடுமாறும். ரகரத்தைக் காலாகவும் எகரத்தைத் தமிழ் எண் ஏழாகவும் படிப்பதும் வழக்கம். 5 அடிப் பாட்டுக்கு இதெல்லாம் எதற்கு? கையால் தட்டுவதே விரைவு, பாட்டும் பாதி மனப்பாடமாகிவிடும்.