பலட்டைக் குத்தாத ஃபோர்க்: நுனியில் இருந்து வரையத் தொடங்குங்கள்

பேலியகொட பக்கம் ஏதாவது ஒரு ஸ்டோர்ஸுக்குள் போனால் மூலையில் உடைந்த பலட்டுகள், அதாவது சாமான் அடுக்கித் தூக்குகிற மரத்தட்டுகள், அடுக்கிக் கிடக்கும். ஒன்றை இழுத்துப் பாருங்கள். நடுப்பலகைகள் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். போயிருப்பது முன்விளிம்புப் பலகை, இல்லையென்றால் அதற்குக் கீழே நிற்கிற கட்டை. அதாவது ஃபோர்க்லிஃப்ட் மெஷினின் ஃபோர்க் நுழைகிற வாய். நான் பார்த்த வரையில் பாரம் தாங்காமல் உடைந்ததை விடக் குத்துப்பட்டு உடைந்ததுதான் அதிகம், பழி மட்டும் எப்போதும் டிரைவரின் தலையில் விழும்.

நான் ஃபோர்க் அடிக்கிற ஆள் இல்லை, வரைகிற ஆள். இது முதல் தடவை ஒரு சோடி ஃபோர்க்குக்கு அளவு கீற உட்காருகிறவர்களுக்கு. பெயர்களை மட்டும் முதலில் ஒத்துக்கொள்வோம்: கிடையாக நீட்டிக்கொண்டு பலட்டுக்குள் போவது பிளேடு, நிமிர்ந்து நின்று மெஷினில் கொழுவுவது ஷாங்க், இரண்டும் வளைந்து சேருமிடம் ஹீல். பிளேடின் அந்தத் தலை நுனி. எல்லோரும் ஹீலில் இருந்துதான் வரையத் தொடங்குவார்கள், ஏனென்றால் பாரக் கணக்கு அங்கே இருக்கிறது. பலட் உடைவதோ நுனியில்.

படி 1: பலட்டைத் திருப்பிப் போட்டு அளந்து பாருங்கள்

கட்டலொக் அளவு ஒரு தொடக்கம், அவ்வளவுதான். ஐரோப்பியப் பலட் 1200×800 மிமீ, உயரம் 144. அந்த 144ஐப் பிரித்தால் மேற்பலகை 22, அதன் கீழே குறுக்குப் பலகை 22, கட்டை 78, அடிப்பலகை 22. ஃபோர்க்குக்குக் கிடைக்கிற உயரம் 100. 800 பக்கத்தால் பார்த்தால் இரண்டு வாய், ஒவ்வொன்றும் 227.5 அகலம். 1200 பக்கத்தால் வந்தால் 382.5.

ஆனால் கொழும்பில் ஐரோப்பியப் பலட் மட்டுமா வருகிறது? துறைமுகத்தால் வருகிற சாமானோடு 1100×1100 வரும், 1219×1016 அமெரிக்கப் பலட்டும் வரும். அமெரிக்கப் பலட்டின் நீளப் பக்கத்தில் நுழைவதற்கு இருப்பது 229 அகலமும் 38 ஆழமும் உள்ள ஒரு வெட்டுத்தான், அடிப்பலகையின் தடிப்பையும் சேர்த்தால் நிலத்தில் இருந்து கிட்டத்தட்ட 5 சென்ரிமீற்றர். 40 மிமீ தடிப்புள்ள ஃபோர்க்கை அதற்குள் விடுவது ஊசிக்குள் கயிறு கோர்க்கிற வேலை. அந்தப் பலட்டை அகலப் பக்கத்தால் எடுக்கச் சொல்லுங்கள். அதோடு இங்கேயே அடிக்கிற இறப்பர் மரப் பலட்டுகள் இருக்கின்றன. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து பலகை வளைந்து, ஆணித்தலை வெளியே வந்து, 100 என்று நினைத்த வாய் 86 ஆக நிற்கும். அந்த 86 நான் அளந்தது.

பத்துப் பலட்டை எடுங்கள், புதியதில் இரண்டு, மிச்சம் பழையதில். வாயின் உயரத்தை நுழைகிற இடத்திலும் நடுவிலும் அளந்து எல்லாவற்றிலும் சின்னதை எழுதிக்கொள்ளுங்கள். சராசரி எடுக்காதீர்கள். ஃபோர்க் சராசரிப் பலட்டுக்குள் போவதில்லை, முன்னால் நிற்கிற பலட்டுக்குள் போகிறது.

படி 2: நீளம்

இதில் நான் ஒரு தடவை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தேயிலை வைக்கிற ஒரு ஸ்டோர்ஸ், பலட் எல்லாம் 1200×1000, எடுப்பது 1200 பக்கத்தால். அப்படியென்றால் ஃபோர்க் போகிற ஆழம் 1000. நான் ‘நீளமாக இருந்தால் பாதுகாப்புத்தானே’ என்று 1220 கொடுத்தேன். முதல் நாளே நுனி 22 சென்ரிமீற்றர் பின்பக்கத்தால் வெளியே போய்ப் பின்வரிசைத் தேயிலைப் பைகளைக் கிழித்துவிட்டது. கடதாசிப் பைதானே, சும்மா பட்டாலே போதும். அங்கிருந்த வயதான டிரைவர் கீழே கொட்டிக் கிடந்த தேயிலையைக் காலால் ஒதுக்கிவிட்டு, “தம்பி, நீங்க கீறினது ஃபோர்க் இல்ல, ஈட்டி” என்றார். பதில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

ஆகவே இரண்டு எல்லை. பாரத்தின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது, குறைந்தால் பலட் முன்னால் தொங்கும். நுழைகிற ஆழத்தைத் தாண்டவும் கூடாது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற 1070 கூட 1000 ஆழப் பலட்டில் 70 மிமீ வெளியே வரும் என்பதைக் கவனியுங்கள். 950 அல்லது 1000 கேட்டு வாங்குங்கள். 1070தான் இருக்கிறது என்றால் நுனியில் இருந்து 1000 தள்ளிப் பிளேடில் மஞ்சள் பெயின்றால் ஒரு கோடு போடுங்கள், அந்தக் கோடு பலட் வாயைத் தொட்டதும் டிரைவர் நிறுத்தலாம்.

படி 3: ஹீலில் எவ்வளவு தடிப்பு

2.5 தொன் மெஷினை எடுப்போம். இரண்டு ஃபோர்க், ஆளுக்கு 1250 கிலோ. பாரத்தின் மையம் ஷாங்க் முகத்தில் இருந்து 500 மிமீ முன்னால் என்பது இந்த அளவு மெஷின்களுக்கு வழக்கமான கணக்கு. வளைக்கிற திருப்பம் (விசை × தூரம்) 1250×9.81×500, அதாவது சுமார் 61.3 இலட்சம் நியூட்டன் மிமீ. 100 அகலம், 40 தடிப்பு என்றால் வெட்டுமுகக் குணகம், அதாவது அந்த வெட்டுமுகம் வளைவை எதிர்க்கிற அளவு, 100×40×40÷6 = 26,667. வகுத்தால் ஹீலில் இரும்பு தாங்க வேண்டிய தகைப்பு, 230 மெகாபஸ்கால்.

இந்த இடத்தில்தான் புதிதாக வருகிறவர் விழுகிற குழி இருக்கிறது. சாதாரண மைல்ட் ஸ்டீல் 250 வரை தாங்கும், 230தானே வந்தது, அப்போ பஞ்சிகாவத்தையில் ஒரு தடிப்பான பிளேற்றை வாங்கி வெட்டி ஒட்டிவிடலாமே என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். ஃபோர்க்குக்கான ஐஎஸ்ஓ 2330 தரம் கேட்பது இந்த அளவு ஃபோர்க்குக்குக் குறித்த பாரத்தின் 3 மடங்கைத் தாங்கி வளையாமல் திரும்புவது. 230ஐ 3ஆல் பெருக்கினால் 690. பள்ளத்தில் சக்கரம் விழுகிற அதிர்ச்சி எல்லாம் இந்த இடைவெளிக்குள்தான் அடங்க வேண்டும். அதனால்தான் நல்ல ஃபோர்க் கலப்பு உருக்கில், ஹீலைச் சூட்டில் அடித்துத் தடிப்பாக்கி, பிறகு பதம் போட்டு வருகிறது.

தடிப்பு வர்க்கமாக வேலை செய்வதால் அகலத்தை விட அதற்குத்தான் பலம் அதிகம். ஆனால் ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்பும் பலட் வாயில் இருந்து களவெடுக்கிற மில்லிமீற்றர். வாய் தாழ்ந்த பலட் என்றால் 100×45க்குப் போவதை விட 122×40க்குப் போங்கள், 188 மெகாபஸ்காலுக்கு இறங்கிவிடும், உயரமும் கூடாது.

படி 4: சரிவும் நுனியும்

சரி, முக்கியமான இடம். ஒரு பாகை சாய்வு ஒரு மீற்றர் தூரத்தில் 17.5 மிமீ ஆகிறது. இதைச் சுவரில் எழுதி ஒட்டி வைக்கலாம்.

100 உயர வாய்க்குள் 40 தடிப்புப் பிளேடு, ஒரு மீற்றர் ஆழம். நுனி மேலே பார்க்கிற மாதிரி மாஸ்ற் (ஃபோர்க்கை ஏற்றி இறக்குகிற நிமிர்ந்த சட்டம்) பின்னால் சாய்ந்திருந்தால், நுனி மேற்பலகையை முட்டாமலும் ஹீல் பக்கம் அடிப்பலகையில் உரசாமலும் போக மிச்சம் 60 மிமீ. அது 3.4 பாகை. நான் சொன்ன 86 பலட்டில் 46தான், 2.6 பாகை. இப்போது நுனி கீழே பார்க்கிற மாதிரி முன்னால் சாய்ந்தால்? பிளேடு முழுக்க 40 என்றால் அதே 3.4தான். ஆனால் அடிப்பக்கத்தைச் சரித்து நுனியை 10 மிமீ ஆக்கினால் 90 மிமீ கிடைக்கிறது, 5 பாகைக்கு மேல் தாங்கும். நுழைகிற கணத்திலும் 100 வாய்க்குள் 10 நுனி, மேலும் கீழும் 45 இடைவெளி. தேய்ந்த டயரும் சரிவான வாசலும் உள்ள ஸ்டோர்ஸில் இதுதான் வித்தியாசம்.

சரிவை எப்போதும் அடிப்பக்கத்தில் போடுங்கள். மேல்முகத்தில் பலட் உட்காருகிறது, அது தட்டையாக இருக்க வேண்டும். பின்னால் சாய்ந்தபடி நுழைகிற பிழையை இந்தச் சரிவு திருத்தாது என்பதையும் மேலே உள்ள கணக்கிலேயே பார்க்கலாம், அங்கே ஹீலின் தடிப்புத்தான் தடுக்கிறது. டிரைவர்கள் பாரத்தோடு பின்னால் சாய்த்து ஓடிப் பழகியவர்கள், வெறுமையாகத் திரும்பி வரும்போது மாஸ்றை நேராக்க மறந்துவிடுவார்கள். நான் டிரைவரிடம் சொல்கிற ஒரே விஷயம் இது.

சரித்தால் பலம் குறையாதா என்று கேட்பீர்கள். பாரம் பிளேடு நீளத்துக்கும் சமமாகப் பரவியிருந்தால், நுனியில் இருந்து தள்ளத் தள்ளத் தேவையான தடிப்பும் அதே விகிதத்தில் நேர்கோடாகத்தான் கூடுகிறது. அதாவது ஆப்பு வடிவம்தான் இயற்கையான வடிவம், நாம் வெட்டி எறிவது சும்மா கிடந்த இரும்பு. ஆனால் நுனியால் மட்டும் ஒரு மூலையை நெம்பித் தூக்குகிற பழக்கம் உள்ள இடம் என்றால் இந்தக் கணக்குச் செல்லாது. அங்கே முழுநீளச் சரிவு வேண்டாம், முன் பாதியில் மட்டும் போடுங்கள்.

நுனியை 10க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். மெல்லியதாக இருந்தால் இன்னும் சுகமாகப் போகும் என்று நினைப்போம், ஆனால் கட்டையில் பட்டால் தள்ளிவிடாமல் பிளந்துவிடும், உளி மாதிரி. மேலே இருந்து பார்க்கிற உருவத்தில் கடைசி 150 மிமீயை இரண்டு பக்கமும் ஒடுக்கி, மூலைகளை நன்றாக வட்டமாக்குங்கள். 100 அகல ஃபோர்க்குக்கு நான் 30 ஆரம் கொடுப்பேன். கூர் மூலை கட்டையில் குத்தி நிற்கும், வட்ட மூலை வழுக்கி வாய்க்குள் போகும். பிளேடின் மேல் விளிம்புகளையும் இலேசாக மழுக்கச் சொல்லுங்கள், கடதாசிப் பையும் சுற்றிய பிளாஸ்டிக்கும் அங்கேதான் கிழியும்.

படி 5: பிளைவுட்டில் வெட்டிப் பாருங்கள்

இரும்புக்குக் காசு கட்ட முன்னர் பக்கத்தோற்றத்தையும் மேல்தோற்றத்தையும் உண்மை அளவில் பிளைவுட்டில் வெட்டுங்கள். பக்கத்தோற்றத் துண்டைப் பலட் வாய்க்குள் விட்டு, பின்முனையை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். எங்கே தட்டுகிறது என்று பென்சிலால் குறியுங்கள். கணினித் திரையில் நான் கண்டுபிடிக்காத ஆணித்தலை ஒன்று அரை மணி நேரத்தில் மாட்டியது. பிளேன்ரீ குடிக்கிற நேரத்தில் முடிகிற வேலை, டிரைவரையும் கூப்பிட்டு ஆட்டச் சொல்லுங்கள்.

படி 6: ஹீல் வளைவு, கொழுவுகிற அளவு

ஹீலின் உட்பக்க வளைவு பெரிதாக இருந்தால் பலம் நல்லது, ஆனால் பலட்டின் முன்பலகை அந்த வளைவில் ஏறி நசியும். ஷாங்க் முகத்தில் பலட் முழுதாக ஒட்டி நிற்கிறதா என்று பிளைவுட்டிலேயே பாருங்கள். ஷாங்க் கொழுவுகிற அளவுகள் ஐஎஸ்ஓ 2328இல் வகுப்பு வகுப்பாக இருக்கின்றன: 1000 முதல் 2500 கிலோ வரை இரண்டாம் வகுப்பு, கெரியேஜ் (ஷாங்க் கொழுவுகிற சட்டம்) உயரம் 407 மிமீ, 2501 முதல் 4999 வரை மூன்றாம் வகுப்பு, 508 மிமீ. இதை ஊகிக்காமல் மெஷினில் அளந்து எழுதுங்கள். பக்கமாக நகராமல் பிடிக்கிற பூட்டு முளை இல்லாத ஃபோர்க்கை ஏற்காதீர்கள், பக்கமாக நகர்ந்த ஃபோர்க்தான் கட்டையை உடைக்கிற முதல் ஆள்.

படி 7: ஓடர் கொடுப்பதும் பிறகு பார்ப்பதும்

வரைபடத்தில் பாரமும் மையத் தூரமும் ஃபோர்க்கிலேயே அடித்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள், நம்முடைய கணக்குக்கு 1250×500. வந்து இறங்கியதும் கொழுவி, மாஸ்றை நேராக்கி, சமமான நிலத்தில் இரண்டு நுனிகளின் உயரத்தையும் அளக்கவும். பாவனையில் உள்ளதற்கு ஐஎஸ்ஓ 5057 சொல்கிற எல்லை பிளேடு நீளத்தின் 3 சதவீதம், 1000க்கு 30 மிமீ. அது கழற்ற வேண்டிய எல்லை. சுகமாக நுழைய வேண்டுமென்றால் 5க்குள் வைத்திருங்கள்.

வருடத்துக்கு ஒரு தடவையாவது ஹீலையும் பாருங்கள். நிலத்தில் இழுபட்டு அடிப்பக்கம் தேயும். ஷாங்க் தேய்வதில்லை, ஆகவே அதன் தடிப்பை அளந்து ஹீலோடு ஒப்பிடலாம். 40இல் 36 வந்தால் முடிந்தது கதை, ஏனென்றால் 36இன் வர்க்கம் 40இன் வர்க்கத்தில் 81 சதவீதம்தான்; 10 சதவீதத் தேய்வுக்கு ஐந்தில் ஒரு பங்கு பலம் போய்விட்டது. வெல்டிங் பாஸ் ஒருவர் வந்து ‘இதை நிரப்பித் தந்துவிடுகிறேன்’ என்பார். நல்ல மனுஷர்தான், ஆனால் அந்தச் சூடு போட்ட பதத்தைக் கெடுத்து, பிளவு தொடங்குவதற்கு ஓர் இடமும் கொடுத்துவிடும். விடாதீர்கள். கழற்றிய ஃபோர்க்கை மூலையில் சாத்தியும் வைக்காதீர்கள், யாராவது அவசரத்துக்கு எடுத்துக் கொழுவிவிடுவார்கள். நடுவால் வெட்டிப் பழைய இரும்புக்குப் போடுங்கள்.