பூசணிக்காய் உடைத்த பிறகும் செலவு இருக்கிறது: சின்ன பட்ஜெட் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்ன பட்ஜெட்டில் சுயாதீனப் படம் எடுக்கக் கிளம்பும் நண்பர்களுக்கு எந்த கேமரா, எந்த லென்ஸ், ஒரு நாள் வாடகை எவ்வளவு என்பதெல்லாம் அத்துப்படி. ஒலிக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால், "அதை டப்பிங்கில் பார்த்துக்கலாம்" என்பார்கள். பெரும்பாலான படங்கள் அடிவாங்குவது இங்கேதான்.

படம் கொஞ்சம் இருட்டாக, ஆட்டமாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். ஸ்டைல் என்றுகூட நினைப்பார். வசனம் புரியவில்லை என்றால் எழுந்துவிடுவார். புதுமுகங்களை வைத்து டப்பிங் செய்வதும் லேசு இல்லை. நடித்தபோது தானாக வந்த தடுமாற்றம் மைக் முன்னால் திரும்ப வராது. சரி, நடிக்கும்போதே வசனத்தைப் பதியும் லைவ் சவுண்டே எடுக்கலாம் என்றால், லொகேஷனை ஷூட்டிங் நடக்கப்போகும் அதே நேரத்தில் போய்க் கேட்க வேண்டும். காலையில் அமைதியாக இருந்த வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் சாயங்காலம் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். எங்கள் குறும்படம் ஒன்றில் ஃபிரிட்ஜை அணைக்க மறந்து, ஓர் இரவுக் காட்சி முழுக்க ரீங்காரத்தோடு வந்தது. ஒவ்வோர் இடத்திலும் எல்லோரையும் பேசாமல் நிற்கவைத்து, அந்த அறையின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் வெட்டை மறைக்க அது உதவும்.

அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ் தன் முதல் படமான 'எல் மரியாச்சி'யை (1992) சுமார் 7,000 டாலரில் எடுத்த கதையை எல்லோரும் சொல்வார்கள். கேமரா இரைச்சலால் நேரடி ஒலி எடுக்க முடியாமல், ஷாட் முடிந்த கையோடு நடிகர்களை வசனம் சொல்லவைத்துத் தனியாகப் பதிவு செய்தார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். தியேட்டருக்கு வருமுன் கொலம்பியா பிக்சர்ஸ் ஸ்டுடியோ அதன்மேல் பல மடங்கு செலவழித்ததையும்தான். ஷூட்டிங் முடிந்து பூசணிக்காய் உடைத்ததும் பணம் தீர்ந்துவிட்டால், ஒலி மிக்ஸிங், டிஐ (நிறத்தைச் சரிசெய்வது), சென்சார் எல்லாம் கடனில்தான்.

அடுத்த தவறு, கதையைப் பெரிதாக எழுதிவிட்டுப் பட்ஜெட்டுக்காகக் கத்தரிப்பது. செழியனின் 'டூ லெட்' (திரைக்கு வந்தது 2019) வாடகை வீடு தேடும் ஒரு குடும்பத்தோடு நின்றுகொண்டது; பின்னணி இசைகூடக் கிடையாது. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' ஓர் அப்பாவும் மகனும் வெயிலில் நடப்பதுதான். இரண்டிலும் கையில் இல்லாததைத் தேடிப் போகவில்லை. கிறிஸ்டோபர் நோலன் 'ஃபாலோயிங்' (1998) எடுத்தபோது எல்லோருக்கும் வேலை இருந்ததால் சனிக்கிழமைகளில் மட்டும் ஷூட்டிங். ஃபிலிம் செலவுக்குப் பயந்து முன்கூட்டியே நிறைய ஒத்திகை பார்த்தார்கள். இப்போது மெமரி கார்டு இருக்கிறதே என்று ஒத்திகையை விட்டுவிடுகிறோம். மிச்சமென்று நினைத்த அந்த நேரம் ஸ்பாட்டில் டேக் மேல் டேக்காகக் கரையும்; அதற்கு யூனிட்டின் சாப்பாட்டிலும் பேட்டாவிலும் காசு போய்க்கொண்டிருக்கும்.

அப்புறம் வெளியீடு. விருது வாங்கினால் ஓடிடிக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள் என்று நம்பாதீர்கள். 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது, அந்த ஆண்டே இந்தியாவின் சார்பில் ஆஸ்கர் போட்டிக்கும் அனுப்பப்பட்டது. அதுவே ஓடிடிக்கு வர 2023 ஆயிற்று. அவசரப்பட்டு யூடியூபில் ஏற்றிவிட்டால், முதல் திரையிடல் தங்களிடமே நடக்க வேண்டும் என்று கேட்கும் விழாக்களின் கதவு மூடிவிடும்.

விற்கும் நேரத்தில் கழுத்தைப் பிடிக்கிற இன்னொன்று பாட்டு உரிமை. டீக்கடைக் காட்சியில் தற்செயலாகப் பதிவான பழைய சினிமாப் பாட்டுக்கும் அனுமதி கேட்பார்கள். லைவ் சவுண்டில் வசனத்தோடு கலந்துவிட்ட பாட்டைப் பிரித்தெடுப்பதும் பெரும்பாடு. ஆக்‌ஷன் சொல்வதற்கு முன்னால் கடைக்காரரிடம் கெஞ்சி ரேடியோவை நிறுத்தச் சொல்லுங்கள்.