விளக்கு எரியும் முன்பே ஓடத் தொடங்கும் ஈ: பழ ஈயின் உடல் கடிகாரத்தை அளப்பது எப்படி?

காலையில் விளக்கு எரிந்ததும் ஈக்கள் துள்ளி ஓடுவதைப் பார்த்துவிட்டு, "கடிகாரம் வேலை செய்கிறது" என்று எழுதி வைக்காதீர்கள். எங்கள் ஆய்வகத்துக்குக் கோடைப் பயிற்சிக்கு வரும் முதுநிலை மாணவர்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். திடீர் வெளிச்சத்துக்குக் கடிகாரமே இல்லாத ஈயும் துள்ளும். வெளிச்சம் வருவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே, கும்மிருட்டில், ஓட்டம் மெல்ல மெல்லக் கூடுகிறதா என்று பாருங்கள். அது கடிகாரத்தின் வேலை. இனி நான் சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் இந்த இரண்டையும் பிரித்து அறிவதற்காகவே.

இரண்டு வகை ஈக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று கேன்டன்-எஸ் போன்ற இயல்பான வகை. மற்றொன்று பீரியட் மரபணு செயலிழந்த வகை. இந்த இரண்டாவது வகைக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1971-இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ரொனால்ட் கொனோப்காவும் சீமூர் பென்சரும் மூன்று விதமான ஈக்களைக் கண்டறிந்தார்கள். ஒன்றின் நாள், அதாவது ஓட்டமும் ஓய்வும் ஒரு சுற்று வர ஆகும் நேரம், சுமார் 19 மணி நேரம், இன்னொன்றின் நாள் சுமார் 28 மணி நேரம், மூன்றாவதற்குத் தாளமே இல்லை. மூன்று மாற்றங்களும் எக்ஸ் குரோமோசோமில் ஒரே மரபணுவில், அதாவது பீரியடில், இருந்தன. ஒரு மரபணு ஒரு நடத்தையின் நேரத்தை இவ்வளவு துல்லியமாக ஆள முடியும் என்பதைப் பலர் அன்று நம்பவில்லை. அந்த மரபணு இயங்கும் விதத்தைத் துலக்கியதற்காக 2017-இல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவரும் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தத் தாளமற்ற ஈயை, நடமாட்டத்தை எண்ணும் உங்கள் கருவியில் இயல்பான ஈக்குப் பக்கத்திலேயே வைத்து ஓடவிடுங்கள். அதைப்போல் தெளிவாகப் பாடம் சொல்லும் ஆசிரியர் வேறில்லை.

ஆண் ஈக்களை மட்டும் எடுங்கள். கூட்டிலிருந்து வெளிவந்து மூன்று முதல் ஐந்து நாள் ஆகியிருக்க வேண்டும். இனச்சேர்க்கை முடிந்த பெண் ஈ குழாய்க்குள் முட்டையிடும், புழுக்கள் உணவைக் குழப்பும், சில நாளில் யார் நடமாடுகிறார்கள் என்றே தெரியாது.

உணவு எளிது. 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் அகார், 5 கிராம் சர்க்கரை. கொதிக்க வைத்து ஒரு சிறிய பீக்கரில் ஊற்றி, 5 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட கண்ணாடிக் குழாய்களை அதில் செங்குத்தாக நிறுத்துங்கள். ஒவ்வொரு குழாயின் அடியிலும் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு உணவு ஏறினால் போதும். உறைந்தபின் குழாய்களை உருவி, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து, உணவு இருக்கும் முனையை உருக்கிய மெழுகில் தோய்த்தெடுங்கள். மெழுகில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் பரிசோதனை முடிவதற்குள் உணவு காய்ந்து ஈ இறந்துவிடும். அவசரப்படாதீர்கள், தேவைப்பட்டால் இருமுறை தோயுங்கள்.

ஈயைக் கார்பன் டை ஆக்சைடில் மயக்கி, மென்மையான தூரிகையால் குழாய்க்குள் தள்ளி, மறுமுனையைப் பஞ்சால் அடையுங்கள். அது எழுந்து நடக்கும்வரை குழாய் படுத்தே கிடக்கட்டும். நிமிர்த்தினால் மயக்கத்தில் இருக்கும் ஈ உணவில் விழுந்து ஒட்டிக்கொள்ளும்.

இதற்கென விற்கும் கருவியில் 32 துளைகள் இருக்கும். பாதியில் இயல்பான ஈக்கள், மீதியில் தாளமற்றவை. ஒவ்வொரு குழாயின் நடுவிலும் ஓர் அகச்சிவப்புக் கதிர் பாய்கிறது. ஈ அதைக் கடக்கும்போதெல்லாம் ஓர் எண்ணிக்கை பதிவாகும். அந்தக் கதிர் ஈயின் கண்ணுக்குத் தெரியாது. குழாயின் ஓரத்தில் நின்று ஈ உடலைத் துடைத்துக்கொண்டிருந்தால் கருவிக்கும் அது தெரியாது. ஆகவே நீங்கள் அளப்பது நடமாட்டத்தை மட்டுமே.

இன்குபேட்டரை 25 டிகிரி செல்சியஸில் வையுங்கள். காலை 7 மணிக்கு விளக்கு எரியட்டும், மாலை 7 மணிக்கு அணையட்டும். எல்இடி விளக்கையே பயன்படுத்துங்கள். சூடேறும் விளக்காக இருந்தால், அது தரும் இரண்டு மூன்று டிகிரி ஏற்ற இறக்கத்தை வைத்தே ஈ தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும். வெளிச்சமா வெப்பமா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. மின்வெட்டு உள்ள ஊர்களில் யுபிஎஸ் கட்டாயம். விளக்கு எப்போது எரிந்தது, எப்போது அணைந்தது என்பதை ஓர் ஒளி உணரியால் தனியாகப் பதிவுசெய்யுங்கள்.

நான்கு நாள் இப்படி ஓடட்டும். முதல் நாள் தரவை விட்டுவிடுங்கள், அது மயக்கமும் புது இடமும் கலந்த குழப்பம். மீதி நாட்களின் எண்ணிக்கையை அரை மணி நேரக் கட்டங்களாகக் கூட்டி வரைந்தால் இயல்பான ஈயின் நாள் கண்முன் விரியும்: காலையில் ஒரு சிகரம், நண்பகலில் நீண்ட ஓய்வு, மாலையில் அதைவிடப் பெரிய ஒரு சிகரம். இரண்டு சிகரங்களுக்கும் முன்னால் சரிவான ஏற்றம் இருக்கும். தாளமற்ற ஈயின் வரைபடத்தில் அந்தச் சரிவு இருக்காது. சரியாக 7 மணிக்குச் சுவர்போல ஓர் உயர்வு, அவ்வளவுதான். இந்த இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவரின் முகம் மாறுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

கண்ணை மட்டும் நம்பாமல் கணக்கும் போடுங்கள். விளக்கு எரிவதற்கு முந்தைய மூன்று மணி நேர எண்ணிக்கையை, விளக்கு எரிவதற்கு முந்தைய ஆறு மணி நேர எண்ணிக்கையால் (அந்த மூன்று மணி நேரமும் இதில் சேரும்) வகுங்கள். விடை 0.5-ஐ ஒட்டியிருந்தால் எதிர்பார்ப்பு, அதாவது விளக்குக்கு முன்பே ஓட்டம் கூடுவது, இல்லை. 1-ஐ நெருங்க நெருங்க எதிர்பார்ப்பு வலுவானது.

காலைச் சிகரத்தை எழுப்புவதில் மூளையின் ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள நான்கு சிறிய நரம்பணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவை பிடிஎஃப் என்ற சிறு புரதத்தை வெளியிடுகின்றன. அந்தப் புரதம் இல்லாத ஈக்களில் காலை எதிர்பார்ப்பு மறைகிறது, மாலைச் சிகரம் முன்னதாகவே வந்துவிடுகிறது. மாலைச் சிகரத்துக்குப் பொறுப்பு வேறு நரம்பணுக்கள். எனவே வரைபடத்தில் ஒரு சிகரம் மட்டும் காணாமல் போனால், "கடிகாரம் நின்றுவிட்டது" என்று எழுதாதீர்கள்.

அடுத்த கட்டம் இருட்டு. நான்காம் நாள் மாலை அணைந்த விளக்கை மீண்டும் எரியவிடாதீர்கள். குறைந்தது ஏழு நாள் முழு இருட்டு வேண்டும். கதவிடுக்கு, கருவியில் மின்னும் சிறு விளக்குகள் எல்லாவற்றையும் கறுப்பு நாடாவால் மூடுங்கள். ஈயின் நரம்பணுக்களில் கிரிப்டோகுரோம் என்ற ஒளி உணர்வுப் புரதம் இருக்கிறது. வெளிச்சம் பட்டதும் அது டைம்லெஸ் என்ற கடிகாரப் புரதத்தைச் சிதைக்கத் தூண்டுகிறது, அதனால் நேரம் இடம் மாறிவிடும். நடுவில் திறந்தே ஆகவேண்டும் என்றால் மங்கிய சிவப்பு விளக்கோடு போங்கள், கதவை மெதுவாகச் சாத்துங்கள்; அதிர்வுக்கும் ஈ எழுந்துவிடும்.

ஒவ்வொரு நாளையும் ஒரு வரியாக, ஒன்றன்கீழ் ஒன்றாக வரையுங்கள். நாள் 23.5 மணி நேரமாக உள்ள ஈ தினமும் அரை மணி நேரம் முன்னதாக எழும். கோடு இடப்பக்கம் சாயும். 19 மணி நேர ஈயின் கோடு நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடிவிடும். தாளமற்றதில் புள்ளிகள் சிதறிக்கிடக்கும். இறுதி வரை எண்ணிக்கையே இல்லாத குழாயை, ஈ இறந்ததா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்துவிட்டு நீக்குங்கள்; தாளமற்றது என்ற கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஆர்வம் இருந்தால் அதே சோதனையை 18 டிகிரியிலும் 29 டிகிரியிலும் செய்யுங்கள். உடலின் பெரும்பாலான வேதிவினைகள் சூட்டில் விரைவுபடும். ஆனால் இயல்பான ஈயின் நாள் கிட்டத்தட்ட 24 மணி நேரமாகவே நிற்கும். எனக்கு இன்றும் வியப்பூட்டுவது இதுவே. ஆனால் ஆய்வகத்தில் கண்டதை அப்படியே தோட்டத்து ஈக்குப் பொருத்திவிட வேண்டாம். இத்தாலியிலும் இங்கிலாந்திலும் திறந்தவெளியில் ஈக்களைப் பதிவுசெய்து 2012-இல் வெளியான ஆய்வில், வெப்பமான நாட்களில் பிற்பகலிலும் ஒரு சிகரம் தெரிந்தது. சதுர அலைபோல் எரிந்து அணையும் நம் விளக்கின் கீழ் அது தெரிவதில்லை. வெப்பமும் ஒளியும் மெல்ல ஏறி இறங்கும்படி அமைக்க முடிந்த இன்குபேட்டர் கிடைத்தால், அடுத்த முறை இதே ஈக்களை அதில் வைத்துப் பிற்பகலைக் கவனியுங்கள்.