திருகோணமலைக்குப் புதுசா வந்திருக்கிற குடும்பங்களுக்கு: பிள்ளைகளோட கடற்கரையில ஒரு ராத்திரி

தமிழ்நாட்டில இருந்து வேலைக்கு வந்தாக்கள், கனடா லண்டன்ல இருந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தாக்கள் எண்டு இப்ப எங்கட ஊரில புது முகங்கள் கனக்க. வீடு பார்த்து, ஸ்கூல் சேர்த்து, காஸ் சிலிண்டர் எடுத்து எல்லாம் ஒழுங்காக்கின பிறகும் "பிள்ளை ஃபோனை விட்டு எழும்புதில்லை, வெளியில ஆரோடயும் கதைக்குதில்லை" எண்டு சொல்ற அம்மாமார் என்னட்ட வந்து கேக்கிறது, என்ன செய்யலாம் அக்கா எண்டு. நான் எல்லாருக்கும் சொல்றது ஒண்டுதான், ஒரு டென்ட் வாங்குங்கோ, இல்லாட்டி இரவல் எடுங்கோ, நிலாவெளிப் பக்கம் ஒரு ராத்திரி படுத்து எழும்பிட்டு வாங்கோ.

எப்ப போறதெண்டது முக்கியம். சித்திரை வருசப்பிறப்பு முடிஞ்சதில இருந்து புரட்டாதி வரைக்கும் எங்கட கடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஐப்பசி கடைசியில வாடை தொடங்கினா மழையும் அலையும்தான், மார்கழியில இஞ்ச ஒருத்தரும் பிள்ளைகளைக் கடலுக்க இறக்க மாட்டினம். சென்னையில இருந்து வந்தாக்களுக்கு வாடை மழை தெரிஞ்ச விசயம்தான், அதே மழைதான் இஞ்சயும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி போயா லீவு வரும், அது வெள்ளியிலயோ திங்களிலயோ விழுந்தா மூண்டு நாள் சேர்ந்து கிடைக்கும், அதை விடாதேங்கோ.

இடம் எண்டா, தனியா ஆளில்லாத கரையில போய் டென்ட் அடிக்க வேண்டாம். உப்புவெளியிலயும், டவுனில இருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தள்ளி நிலாவெளியிலயும் சின்னச் சின்ன கெஸ்ட் ஹவுஸ்காரர் இருக்கினம், வளவுக்க டென்ட் அடிக்க விடுவினமோ எண்டு முதலே கேட்டுப் பாருங்கோ, டொய்லெட்டும் நல்ல தண்ணியும் இருந்தாத்தான் சின்னப் பிள்ளைகளோட ராத்திரி நிம்மதியாப் போகும். ஹபரண றோட்டுப் பக்கக் காடுகளில யானை திரியும், அங்க டென்ட் யோசிக்கவே வேண்டாம். 119 பொலிஸ், 1990 இலவச அம்புலன்ஸ், ரெண்டையும் ஃபோனில போட்டு வையுங்கோ. நுளம்புத்திரியும் மறக்காதேங்கோ, நுளம்பு எண்டா நீங்கள் சொல்ற கொசுதான்.

இப்ப கச்சான் விசயம், இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும். கடையில கச்சான் எண்டா வேர்க்கடலை. ஆனா கரையில நிக்கிற ஒரு ஐயா "கச்சான் எழும்பிட்டுது, பிள்ளையளை வெளியால எடுங்கோ" எண்டா அது காத்து. மேற்கால இருந்து, தரையில இருந்து கடலுக்கு வீசுற சூடான காத்து, ஆனி ஆடியில பலமா இருக்கும். தரைக்காத்து எண்டபடியா அலை பெரிசா எழும்பாது, கடல் அமைதியாத்தான் தெரியும், ஆனா காத்தடிச்ச டியூப்பையோ பந்தையோ ஒரு நிமிசத்தில வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போயிரும். என்ர தம்பியின்ர மகன் ஒருக்கா டியூப்புக்குப் பின்னால நீந்தப் போய், வள்ளத்தில வந்த ஒரு அண்ணன்தான் தூக்கிக்கொண்டு வந்து தந்தவர், இண்டைக்கு நினைச்சாலும் எனக்கு நெஞ்சு பதறும். பந்து போனாப் போகட்டும் எண்டு பிள்ளைகளுக்கு முதலே சொல்லி வையுங்கோ. டியூப் வேண்டவே வேண்டாம்.

பின்னேரம் வெயில் தணிய ஈர மணலில கிளித்தட்டுக்குக் கோடு கீறுங்கோ. நீட்டுப் பெட்டி, நடுவால ஒரு கோடு, குறுக்கால அஞ்சாறு கோடு. ஒரு பக்கம் கோட்டில நிண்டு மறிக்கோணும், மற்றப் பக்கம் அடி வாங்காமக் கடைசிவரைக்கும் போய்த் திரும்பி வரோணும், மறிக்கிற பக்கத்தில கிளி எண்ட ஒராள் மட்டும் நடுக்கோட்டாலயும் சுத்திவரவும் ஓடலாம். ஆள் காணாதெண்டா பக்கத்தில நிக்கிற குடும்பத்தைக் கூப்பிடுங்கோ, வெக்கப்படாதேங்கோ. போன வருசம் எங்கட பக்கத்து வீட்டுக்குத் தமிழ்நாட்டுத் திருநெல்வேலியில இருந்து வந்த குடும்பத்தோட போயிருந்தம், அந்த மகள் ரெண்டு மாசமா ஸ்கூலில வாயே திறக்காத பிள்ளை, தான் கதைச்சா மற்றப் பிள்ளைகள் சிரிக்குதுகள் எண்டு. அண்டைக்கு அவளைக் கிளியா விட்டம். இருட்டும்வரைக்கும் கத்தினாள், அடுத்த நாள் காலையில "ஆன்ட்டி, இண்டைக்கும் விளையாடுவமா" எண்டு எங்கட தமிழிலயே கேட்டாள்.

பெரிய ஓட்டம் வேண்டாத பிள்ளைகளுக்கு கூழாங்கல் பொறுக்கி கொக்கான் வெட்டப் பழக்குங்கோ, கல்லை மேல எறிஞ்சு பிடிக்கிற விளையாட்டு அது. இன்னொண்டு, பழைய ஸ்பீக்கர் காந்தம் இருந்தா ஒரு பையில சுத்திக் கொண்டு போங்கோ, வடக்கால புல்மோட்டைப் பக்கம் போனா கறுப்பு மணல், அதில இல்மனைட் எண்ட இரும்பு கலந்த கனிமம் இருக்கு, காந்தம் நல்ல பலமெண்டா ஒட்டும். அங்காலதான் அரிசிமலை, மணலை உள்ளங்கையில எடுத்துப் பார்த்தா அரிசி மாதிரியே இருக்கும்.

போயா ராத்திரியெண்டா பொழுது படுற நேரத்தில எல்லாரையும் கடலைப் பார்க்க இருத்துங்கோ. பின்பக்கம் சூரியன் இறங்க முன்பக்கம் கடலுக்குள்ளால நிலா வரும், நான் இஞ்சயே பிறந்து வளர்ந்தனான், எனக்கு இன்னும் அலுக்கேல்லை. நட்சத்திரம் காட்டோணுமெண்டா அமாவாசைப் பக்கம் போறதுதான் சரி. டொரன்டோவில அரைவாசி வானத்துக்குக் கிட்ட நிண்ட துருவ நட்சத்திரம் இஞ்ச கையை நீட்டிப் பிடிச்சா ஒரு முஷ்டி உயரத்துக்கும் குறைய, வடக்குக் கரையோரம் ஒட்டிக்கொண்டு நிக்கும், ஏனெண்டா நாங்கள் இருக்கிறது எட்டரைப் பாகை அட்சரேகையில. கனடாப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டினாத் தாங்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கினம் எண்டு விளங்கும். சாப்பாட்டுக்குப் பெரிசா ஒண்டும் வேண்டாம், பொச்சு (தேங்காய் மட்டைதான்) மூட்டி சூடை மீனும் மரவள்ளிக் கிழங்கும் சுட்டு, பாணும் (பிரெட்தான்) சம்பலும் இருந்தாக் காணும். அடுப்புக்குக் காத்து மறைப்பு வையுங்கோ, படுக்க முதல் தண்ணி ஊத்தி அணையுங்கோ, மணல் போட்டு மூடினா உள்ளுக்க தணல் கிடக்கும், காலையில பிள்ளை மிதிச்சிரும்.

விடியக் காலமை கரைவலை இழுக்கினமோ பாருங்கோ. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிட்ட கேட்டா பிள்ளைகளைக் கயித்தில ஒரு கை பிடிக்க விடுவினம். ரெண்டு பக்கக் கயிறும் கிட்டக் கிட்ட வந்து, கடைசியா மீன் கிடக்கிற வலைப் பை, அதுதான் மடி, கரையேறேக்க உள்ளுக்க என்ன கிடக்கெண்டு பார்க்க ஓடுறதில பெரியாக்களும் பிள்ளைகள்தான். வலையை மிதிக்காதேங்கோ, மீன் வேணுமெண்டா அங்கயே காசு குடுத்து வாங்குங்கோ.

புறாமலைத் தீவுக்குப் (Pigeon Island) போறதெண்டா காலையிலயே நிலாவெளியில இருந்து போட் எடுங்கோ, 2003ல தேசியப் பூங்காவாக்கினது, டிக்கெட் இருக்கு, வெளிநாட்டு பாஸ்போர்ட் எண்டா விலை கூட. அங்க ராத்திரி தங்கேலாது. கரை முழுக்க உடைஞ்ச பவளம், செருப்புப் போடுங்கோ, ஒரு துண்டும் எடுத்துக்கொண்டு வராதேங்கோ, தண்ணிக்க பவளத்தில ஏறி நிக்கவும் வேண்டாம்.

வீட்டுக்கு வரேக்க கன்னியா வெந்நீர்க் கிணத்தில நில்லுங்கோ. ஏழு கிணறு, ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு, பிள்ளைகளிட்ட எது கூடச் சூடெண்டு ஊகிக்கச் சொல்லிட்டு வாளியால அள்ளித் தொட்டுப் பார்க்க விடுங்கோ. ஈமக்கிரியைக்கு வந்து நிக்கிற குடும்பங்களும் இருக்கும், அந்தப் பக்கம் சத்தம் போடாம நடக்கச் சொல்லுங்கோ. உப்புத் தண்ணியில ஊறின தலைக்கு அந்தச் சுடுதண்ணி நாலு வாளி ஊத்தினாப் போதும், வீடு வர முதலே பிள்ளைகள் வானுக்க நித்திரையாயிரும்.