மாஸி பெர்குசன் 135 டிராக்டர்: கியர் கரகரத்தால் கிளட்சா, பெட்டியா?

கியர் விழவில்லை என்றதும் கியர்பெட்டியைப் பிரிக்கக் கிளம்பிவிடாதீர்கள், பெரும்பாலும் குற்றவாளி கிளட்ச்தான். இந்த வண்டியின் சாதாரணப் பெட்டியில் சிங்க்ரோமெஷ் (பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கிச் சேர்க்கும் அமைப்பு) கிடையாது, அதனால் ஓடிக்கொண்டே மாற்றினால் கரகரக்கத்தான் செய்யும், அது நோயே இல்லை.

முதலில் என்ஜினை அணைத்துவிட்டுக் கியர் போட்டுப் பாருங்கள். அப்போதும் முரண்டு பிடித்தால் லீவர், ஃபோர்க் (பெட்டிக்குள் கியரை நகர்த்தும் கவை) பக்கம் பார்க்கலாம். லகுவாக விழுந்தால், என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பெடலை முழுக்க மிதித்து, ஐந்து வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போது 'கர்ர்' என்றால் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. பெடலைக் கையால் அழுத்தி ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா நகரும் தூரம்) எவ்வளவு என்று பாருங்கள், அது அதிகமாகிப் போயிருந்தால் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது. மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் நின்ற வண்டி என்றால் கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஃபிளைவீலோடு (என்ஜினின் கனமான சுழல்சக்கரம்) ஒட்டியிருக்கலாம்.

இரட்டைக் கிளட்ச் வண்டியா? பாதி மிதித்தால் சக்கரம் நிற்கும், முழுக்க மிதித்தால்தான் பி.டி.ஓ. (பின்னால் பூட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு) நிற்கும். இதைத் தெரியாமல் பி.டி.ஓ. லீவரை இழுத்துக் கரகரக்க வைப்பவர்கள் நிறைய.

ஏர் பூட்டி இழுக்கையில் என்ஜின் மட்டும் சீறி வண்டி நகராவிட்டால் பிளேட் வழுக்குகிறது. எண்ணெய் கசிந்து பிளேட்டில் பட்டிருக்கிறதா என்று அறிய, கிளட்ச் ஹவுசிங்குக்கு (கிளட்சை மூடியிருக்கும் கூடு) அடியில் விரலை வைத்துத் தடவுங்கள்: கறுப்பாக, நீர்த்த எண்ணெய் என்றால் என்ஜின் பின்சீல், கெட்டியாக வந்தால் கியர்பெட்டி சீல். பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்றால் ரிலீஸ் பேரிங்தான் (பெடலை மிதிக்கையில் கிளட்சை விடுவிக்கும் பேரிங்), அதை மாற்ற வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கும், அப்படியே பிளேட்டையும் மாற்றிவிடுங்கள்.