ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏழாம் வகுப்புக் கணக்கு

ஒரு பாடத்தில் மட்டும் முந்திப் போகிற பிள்ளையை அந்த ஒரு பீரியடுக்கு மேல் வகுப்பில் உட்கார வைக்கத் தனி நிதியோ தனி ஆளோ வேண்டாம். டைம்டேபிள் ஒத்துவந்தால் போதும். கோத்தகிரியில் எங்கள் பள்ளியில் கணக்குக்கு இதைச் செய்கிறோம். நான் ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர்.

முதலில் ஒரு தேர்வு வையுங்கள். சொந்த வகுப்பு வினாத்தாள் உதவாது. அதில் நூறு வாங்க நாலு பேர் இருப்பார்கள், யார் எவ்வளவு தூரம் போவார் என்று தெரியாது. மேல் வகுப்பின் பழைய பருவத் தேர்வு வினாத்தாள்களைக் கொடுங்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், கணக்கில் முந்திப் போகிற பிள்ளைகளைப் பற்றி 1971-ல் ஜூலியன் ஸ்டேன்லி தொடங்கிய ஆய்விலும், கல்லூரியில் சேர எழுதும் சாட் தேர்வைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வைத்துத்தான் பார்த்தார்கள்.

மார்க்கை விட, எங்கே ஓட்டை என்று பாருங்கள். எங்களிடம் வந்த பெண் இயற்கணிதத்தை மனதிலேயே போட்டு விடையை மட்டும் எழுதியிருந்தாள். ஆனால் −3-லிருந்து −7-ஐக் கழித்தால் −10 என்றாள் (விடை 4). முழுக்கள், அதாவது இப்படிக் குறை எண்களும் சேர்ந்த பாடம், ஆறாம் வகுப்பில் மூன்றாம் பருவத்தில்தான் வருகிறது; ஏழாம் வகுப்போ முதல் பருவத்தில் அதில்தான் ஆரம்பிக்கிறது. ஜூனிலேயே மேலே அனுப்பினால் அது விட்டுப்போகும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எண்கோடு போட்டு நடத்தினேன், பிடித்துக்கொண்டாள். செய்முறை எழுத வைக்கத்தான் இன்னும் மல்லுக்கட்டுகிறேன்.

அடுத்து டைம்டேபிள். இரண்டு வகுப்புக்கும் கணக்கு ஒரே பீரியடில் வர வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைக்கு பி.டி. பீரியட் போகும், அப்புறம் யார் கூப்பிட்டாலும் வராது. ஐப்பசி மழையில் மண் சரிந்து லீவு விட்டு, ஈடுகட்ட சனிக்கிழமை பள்ளி வைப்பார்களே, அன்றைக்கும் இரண்டு வகுப்புக்கும் ஒரே கிழமையின் டைம்டேபிள்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே கணக்கு டீச்சர் உள்ள பள்ளியில் இதெல்லாம் நடக்காது. அங்கே பிள்ளை தன் இடத்திலேயே மேல் வகுப்புப் புத்தகக் கணக்கைப் போடட்டும், வாரம் இரண்டு முறை நோட்டைத் திருத்துங்கள்.

வருகைப் பதிவும் பருவத் தேர்வும் ஆறாம் வகுப்பிலேயே இருக்கட்டும். மேலே எழுதும் டெஸ்ட் மார்க்குக்குத் தனி நோட்டு. பெற்றோரிடம் இது டபுள் புரொமோஷன் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தேயிலைத் தோட்ட வேலை முடிந்து நேரே வந்த அந்தப் பெண்ணின் அம்மா, "அப்போ டென்த்தை சீக்கிரம் எழுதிடுவாளா டீச்சர்?" என்றுதான் கேட்டார். இல்லை, பொதுத்தேர்வு அவள் செட்டோடுதான்.

இப்படியே போனால் ஒன்பதாவதிலேயே பத்தாம் வகுப்புக் கணக்கு தீர்ந்துவிடும். அதற்கு மேல் என்ன என்பதை ஹெச்.எம்.மிடம் இப்போதே பேசி வையுங்கள். எங்கள் பள்ளி பத்தோடு முடிகிறது. பக்கத்து மேல்நிலைப் பள்ளி கணக்கு சாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.