மூச்சு வாங்கும்போது மிரளாமல் இருக்க

நாமக்கல்லில் 28 வருஷம் லாரி ஓட்டினேன். நாளுக்கு இரண்டு கட்டு பீடி. சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்க வைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய் என்று டாக்டர் சொன்னபிறகு நுரையீரலைவிட மனசுதான் அதிகம் படுத்தியது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், உடனே பயம் பிடிக்கும், பயத்தில் இன்னும் வேகமாக இழுப்பேன். காற்று போதவில்லை என்றுதான் தோன்றும். உண்மையில், இழுத்த காற்று வெளியே போகாமல் உள்ளே தேங்கிவிடுகிறது.

அதனால் இழுக்கப் போராடாதீர்கள், விடுங்கள். உட்கார்ந்து முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றிக்கொள்ளுங்கள். மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து நாலு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். எதிரே அகல்விளக்கு இருந்தால் சுடர் ஆட வேண்டும், அணையக் கூடாது, அவ்வளவுதான். திணறும்போது இதைப் புதிதாகக் கற்க முடியாது. வீட்டுக்காரி குக்கர் விசில் எண்ணும் நேரத்தில் நான் தினமும் பழகினேன்.

இன்ஹேலரில் நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். கேப்ஸ்யூல் போடும் பவுடர் வகையை வேகமாக, ஆழமாக உறிஞ்ச வேண்டும். ஸ்ப்ரே வகையைத்தான் மெதுவாக இழுக்க வேண்டும். நான் இரண்டு மாதம் மாற்றிச் செய்தேன், பாதிப் பவுடர் கேப்ஸ்யூலிலேயே கிடந்தது. எந்த வகையானாலும் பத்து எண்ணும்வரை மூச்சை அடக்குங்கள். ஸ்டீராய்டு மருந்தென்றால் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும்.

அப்புறம் பீடி. ‘டென்ஷனுக்குத்தான் பிடிக்கிறேன்’ என்று நானும் சொன்னவன்தான். பீடியில் இருக்கும் நிகோடின் ரத்தத்தில் குறைவதால் வரும் படபடப்பைத்தான் அடுத்த பீடி அடக்குகிறது. விட்ட முதல் இரண்டு வாரம் டீ கிளாஸிடம்கூடச் சண்டை போட்டேன், பிறகு தணிந்தது. ஆசை வந்தால் சில நிமிஷம் தள்ளிப்போட்டாலே போய்விடும். 1800-11-2356 இலவச எண், கூப்பிட்டால் விடுவதற்கு வழி சொல்வார்கள். மனசு சரியில்லை என்றால் 14416, ராத்திரியிலும் எடுப்பார்கள். மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் புகையை விடும்முன் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒலான்சபின், க்ளோசபின் போன்றவை புகை நின்றதும் ரத்தத்தில் கூடும், அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் இந்தப் பயிற்சியெல்லாம் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

பயந்து வீட்டிலேயே கிடந்தால் கால் பலம் குறைந்து மூச்சு இன்னும் வாங்கும். நான் காலையில் டீக்கடை வரை நடக்கிறேன், நடுவில் இரண்டு இடத்தில் நின்று. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, புகை வராத பெஞ்சில்தான் உட்காருவேன்.